சுவரைத் தாண்டிய பந்து



ஃப்ரீ கிக் என்றால் யார் ஞாபகத்துக்கு வருகிறார் என்று நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பெக்காம் என்பான் ஒருவன். ராபர்ட்டோ கார்லோஸ் என்பான் இன்னொருவன். மெஸ்ஸியா ரொனால்டோவா என்று கடைசி பெஞ்சில் சண்டையே வந்துவிடும். ரெனெடி சிங் என்று ஒருத்தனும் சொல்ல மாட்டான். அதனால்தான் இந்த இதழில் அவரைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர்களும் நடுவில் வருவார்கள், கவலை வேண்டாம்.

ரெனெடி சிங் 1979-இல் பிறந்தவர். மணிப்பூர்க்காரர். மணிப்பூர் எவ்வளவு பெரிய மாநிலம் என்று நினைக்கிறீர்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 28 லட்சம் பேர். நம்ம சிவகங்கை மாவட்டத்தில் மட்டும் 13 லட்சத்துக்கு மேல். அதாவது நம்மைப் போல இரண்டு மாவட்டத்தைச் சேர்த்தால் ஒரு மணிப்பூர், அவ்வளவுதான்! ஆனால் 2017-இல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு இந்தியா தேர்ந்தெடுத்த 21 பேரில் 8 பேர் மணிப்பூர்ப் பையன்கள். கேப்டன் அமர்ஜித் சிங் அந்த ஊர். ஃபிஃபா போட்டி ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல் 9.10.2017 அன்று கொலம்பியாவுக்கு எதிராக வந்தது. அதைத் தலையால் முட்டிப் போட்ட ஜீக்சன் சிங்கும் அந்த ஊர்தான். (அந்தக் கார்னரை அடித்துக் கொடுத்தவர் பெங்களூரு சஞ்சீவ் ஸ்டாலின். கார்னரும் நின்ற பந்துதானே, அவருக்கும் ஒரு சபாஷ்.)

ரெனெடி சிறு வயதிலேயே ஊரை விட்டு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அங்கே 1987-இல் தொடங்கிய டாடா கால்பந்து அகாடமி இருக்கிறது. சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. இந்திய அணிக்கு எத்தனையோ பேரை உருவாக்கிக் கொடுத்த இடம். அங்கிருந்து கொல்கத்தா. அங்கே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று இரண்டு பெரிய அணிகள். இரண்டுக்கும் ஜென்மப் பகை. ஒரு வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று இருப்பார்களாம். ரெனெடி அந்த இரண்டு அணிக்கும் ஆடியவர். இரண்டு பக்கத்து ரசிகர்களும் கைதட்டிய ஆள் என்றால் அவர் காலில் ஏதோ இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இருந்தது. நின்ற பந்தை அடிக்கும் வித்தை. ஃப்ரீ கிக், கார்னர் எது கிடைத்தாலும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக வருபவர் அவர்தான். இந்திய அணியில் பத்து வருடத்துக்கு மேல் நடுக்களத்தில் ஆடினார். 18.2.2004 அன்று கோவாவில் மட்காவ் மைதானத்தில் சிங்கப்பூருக்கு எதிராக உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். இந்தியா 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரு கோல் ரெனெடியுடையது.

ஆனால் அவரைப் பற்றிப் பேசினால் 31.8.2009 அன்று ராத்திரியைத்தான் பேச வேண்டும்.

டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியம். நேரு கோப்பை இறுதி ஆட்டம். எதிரே சிரியா. சிரியா தரவரிசையில் நம்மைவிட வெகு மேலே இருந்த அணி. இரண்டு வருடம் முன்பு 2007-இல் இதே மைதானத்தில், இதே கோப்பை இறுதியில், இதே சிரியாவை 1-0 என்று இந்தியா வென்றிருந்தது. 1982-இல் தொடங்கிய அந்தக் கோப்பையை நாம் முதன்முதலில் வாங்கியதே அப்போதுதான். எனவே 2009-இல் சிரியா பழிவாங்கும் வேகத்தோடு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

90 நிமிடம் முடிந்தது, 0-0. கூடுதல் நேரம் 30 நிமிடம். அதிலும் முக்கால்வாசி போய்விட்டது. எல்லோருக்கும் கால் தள்ளாடும் நேரம். 114-ஆவது நிமிடத்தில் இந்தியாவுக்கு ஒரு ஃப்ரீ கிக். ரெனெடி வந்தார். சிரியாக்காரர்கள் சுவர் கட்டி நின்றார்கள். பந்து சுவரைத் தாண்டி வளைந்து போய் வலையில் விழுந்தது. 1-0!

இதோடு கதை முடிந்திருந்தால் சினிமா. முடியவில்லை. ஆட்டம் முடிகிற கடைசி நிமிடத்தில் சிரியா ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கிவிட்டது. அப்புறம் பெனால்ட்டி. அதில் கோல் கீப்பர் சுப்ரதா பால் தடுத்துத் தடுத்துக் காப்பாற்ற, 5-4 என்று இந்தியா கோப்பையை வாங்கியது. மறுநாள் எல்லோரும் சுப்ரதா பாலைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஒரு எண்ணம். 120 நிமிடத்தில் இந்தியா போட்ட கோல் அந்த ஒன்றே ஒன்று. அது இல்லாவிட்டால் பெனால்ட்டியே வந்திருக்காது, சிரியா 1-0 என்று கோப்பையோடு விமானம் ஏறியிருக்கும்.

சரி, நின்ற பந்தை அடிப்பதில் என்ன பெரிய வித்தை? ஓடுகிற பந்தை அடிப்பதுதானே கஷ்டம்? இப்படி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்காக இந்தப் பகுதி.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தள்ளினாலோ, உதைத்தாலோ, காலைத் தட்டிவிட்டாலோ, பந்தைக் கையால் தொட்டாலோ நேரடி ஃப்ரீ கிக். அதில் நேராகக் கோல் அடிக்கலாம். ஆஃப்சைடு மாதிரியான குற்றத்துக்கு மறைமுக ஃப்ரீ கிக். அப்போது நடுவர் கையை மேலே தூக்கி வைத்திருப்பார், இன்னொருவர் தொட்ட பிறகு போனால்தான் கோல். எதிரணியினர் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இது என்ன அரையும் குறையுமான கணக்கு என்று தோன்றும். ஜவுளிக்கடைக் கணக்கில் சொன்னால் சரியாகப் பத்து கெஜம். விளையாட்டை எழுதிவைத்த ஆங்கிலேயர்கள் கெஜத்தில் அளந்தார்கள், நாம் மீட்டரில் மாட்டிக்கொண்டோம்.

கோல் போஸ்ட்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இப்போது பந்து 20 மீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 9.15 மீட்டரில் சுவர். 1.80 மீட்டர் உயரமுள்ள ஆள் 40 சென்டிமீட்டர் எம்பிக் குதித்தால் 2.20 மீட்டர். பந்து அதற்கு மேலே போக வேண்டும், போன பிறகு 2.44-க்குக் கீழே இறங்கவும் வேண்டும். காற்றின் தடையை விட்டுவிட்டு, புவியீர்ப்பு மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன். கணக்கு சாரிடம் காட்டி சரி பார்த்தும் விட்டேன்.

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் அடித்தால், பந்து 0.8 நொடியில் கோலுக்குப் போய்விடும். கீப்பருக்கு நேரமே கிடையாது. பிரமாதம்! ஆனால் அந்தப் பந்து கோலில் 2.30 மீட்டர் உயரத்தில் நுழைய வேண்டுமானால், சுவரைக் கடக்கும்போது அதன் உயரம் 1.83 மீட்டர்தான். குதிக்கிறவன் நெஞ்சில் படும். சுவருக்கு மேலே போகும்படி தூக்கி அடித்தால், மேல் கம்பிக்கும் மேலே போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழும். (நம் அணியில் இதுதான் வழக்கம்.)

வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். நொடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கி.மீ. இப்போது சுவரிடம் பந்தின் மையம் 2.27 மீட்டரில் இருக்கிறது. பந்தின் ஆரம் 11 சென்டிமீட்டர். ஆகவே அடிப்பக்கம் 2.16. நன்றாகக் குதிக்கிறவன் தலைமுடியை உரசிக்கொண்டு தாண்டினாலும் தாண்டும். ஆனால் கோலுக்குப் போக ஒரு முழு நொடி ஆகிறது. அந்த 0.2 நொடி அதிகத்தில் ஒரு நல்ல கீப்பர் இரண்டு எட்டு வைத்துப் பாய்ந்துவிடுவான்.

வேகமாக அடித்தால் சுவர். மெதுவாக அடித்தால் கீப்பர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து எவ்வளவு சின்னது பாருங்கள்!

இந்தச் சந்தை அகலப்படுத்துவதுதான் சுழற்சி. வலது காலின் உள்பக்கத்தால் பந்தின் வலது ஓரத்தை அடித்தால், மேலிருந்து பார்க்கும்போது பந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். சுழலும் பந்து தன்னை ஒட்டிய காற்றையும் இழுத்துக்கொண்டு சுற்றி, அதைப் பின்னால் வலது பக்கமாக ஒதுக்கித் தள்ளுகிறது. பந்து காற்றை வலப்பக்கம் தள்ளினால் காற்று பந்தை இடப்பக்கம் தள்ளும். ஒன்பதாம் வகுப்பில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதியேதான்! 1850-களில் மாக்னஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைச் சோதனை செய்து எழுதினார், அதனால் மாக்னஸ் விளைவு என்று பெயர். பக்கவாட்டில் சுழன்றால் சுவரைச் சுற்றிக்கொண்டு போகலாம். மேலிருந்து முன்பக்கமாகச் சுழன்றால், தாண்டியதும் பந்து சட்டென்று கீழே இறங்கும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து கொடுப்பவர்தான் கெட்டிக்காரர். ரெனெடி பந்தை வளைத்து அடித்த ரகம்.

உலகத்தில் இதைச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. 1950-களில் பிரேசிலின் டிடி அடித்த பந்து சுவரைத் தாண்டியதும் தொப்பென்று விழுமாம். அதற்கு அவர்கள் மொழியில் வைத்த பெயருக்கு அர்த்தம் காய்ந்த இலை. நம் பள்ளி வேப்பமரத்தடியில் நின்று பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். 3.6.1997 அன்று பிரான்சுக்கு எதிராக ராபர்ட்டோ கார்லோஸ் அடித்தது ஏறக்குறைய 35 மீட்டர் தூரத்திலிருந்து. இடது காலின் வெளிப்பக்கத்தால் அடித்தார். பந்து கோலுக்கு வெகு வெளியே போனது. ஓரத்தில் நின்ற பந்து பொறுக்கும் பையன், தன் மேல் படப்போகிறது என்று குனிந்தே விட்டான். அப்புறம் திரும்பி வளைந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. கீப்பர் பார்த்தே அசையவில்லை. தூரம் அதிகம் என்பதால் வளைவு முழுசாகக் காட்ட நேரம் கிடைத்தது என்பதுதான் அதன் ரகசியம்.

பெக்காம் 6.10.2001 அன்று கிரீஸுக்கு எதிராகக் கடைசி நிமிடத்துக்கும் அப்பால் ஒரு ஃப்ரீ கிக் அடித்து 2-2 ஆக்கி, இங்கிலாந்தை 2002 உலகக் கோப்பைக்கு அனுப்பினார். இதை எல்லோரும் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால் எல்லோருக்கும் மேலே ஜூனின்யோ. பிரேசில்காரர். பிரான்சின் லியோன் அணிக்காக 100 கோல் போட்டார், அதில் 44 நேரடி ஃப்ரீ கிக்! இவர் தலைகீழ். பந்தைச் சுழல விடாமல் அடிப்பார். சுழலாத பந்தின் தையல்களில் காற்று இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி பிரியும். பந்து குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டே வரும். எங்கே போகும் என்று கீப்பருக்கும் தெரியாது, அடித்தவருக்கே தெரியுமோ என்னவோ!

சுவர் கட்டுகிறவர்களும் சும்மா இல்லை. எல்லோரும் எம்பிக் குதிப்பதைப் பார்த்துவிட்டுச் சிலர் தரையோடு உருட்டி அடிக்க ஆரம்பித்தார்கள். உடனே சுவருக்குப் பின்னால் ஒருத்தரைப் படுக்கப் போட்டுவிட்டார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆள் பாய் இல்லாமல் புல்லில் படுத்துக்கிடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். சுவரில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால், அடிக்கும் அணியினர் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்று 2019-இல் விதியும் வந்துவிட்டது. முன்பெல்லாம் சுவருக்குள்ளேயே நுழைந்து இடித்துக்கொண்டு நிற்பார்கள்.

சுவரே கட்ட விடாமல் அடித்த கதையும் நம் நாட்டில் உண்டு. அதில் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அணியும் வருகிறது.

காரைக்குடி பக்கம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணனைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்! பெங்களூரு எஃப்.சி. அணிக்காக ஆடி, 2022 டூரண்டு கோப்பையில் 5 கோல் போட்டவர். 18.9.2022 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மும்பைக்கு எதிரான முதல் கோலும் அவருடையதே. 2-1 என்று பெங்களூரு கோப்பையை வாங்கியது. நாம் பஸ் ஏறிப் போய்வருகிற தூரத்தில் இருக்கிற ஊரிலிருந்து ஒருவர்!

அதே சீசனில், 3.3.2023 அன்று, பெங்களூருக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் நாக் அவுட் ஆட்டம். கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரளா வீரர்கள் சுவர் கட்டுவதற்கு முன்னாலேயே சுனில் சேத்ரி டக்கென்று பந்தைக் கோலுக்குள் தள்ளிவிட்டார். நடுவர் கோல் என்றார். கேரளா பயிற்சியாளர் கோபத்தில் தன் அணியையே மைதானத்தை விட்டு வெளியே கூப்பிட்டுக்கொண்டார்! திரும்பி வரவில்லை. பெங்களூரு ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. பிற்பாடு கேரளா அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை.

இது சரியா தப்பா என்று நம் பையன்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். விதிப்படி, ஃப்ரீ கிக் கிடைத்த அணி உடனே அடிக்கலாம். பத்து கெஜம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்று நடுவரைக் கேட்டால், அல்லது நடுவரே நிறுத்தி வைத்தால், அப்புறம் விசில் ஊதிய பிறகுதான் அடிக்க வேண்டும். குற்றம் செய்தவனுக்குச் சுவர் கட்ட நேரம் கொடுப்பது கட்டாயம் இல்லை. அன்று நடுவர் நிறுத்தி வைத்தாரா இல்லையா என்பதில்தான் சண்டை. எனக்குச் சேத்ரி செய்தது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. ஆனால் பார்க்க அழகாக இருந்தது எது என்றால், சுவர் இருந்தும் தாண்டிய ரெனெடியின் பந்துதான்.

ரெனெடி கடைசிக் காலத்தில் ஷில்லாங் லஜோங் அணிக்கும், 2014-இல் ஐ.எஸ்.எல். முதல் சீசனில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஆடினார். 2011 ஜனவரியில் தோகாவில் நடந்த ஆசியக் கோப்பையிலும் இருந்தார். 1984-க்கு அப்புறம் இந்தியா அந்தக் கோப்பைக்குப் போனது அப்போதுதான். மூன்று ஆட்டத்திலும் தோல்வி என்றாலும் போனதே பெரிது. பிறகு பயிற்சியாளர் ஆனார். 2022 ஜனவரியில் ஈஸ்ட் பெங்காலுக்கு இடைக்காலப் பொறுப்பு. அப்புறம் பெங்களூரு எஃப்.சி.யில் துணைப் பயிற்சியாளர். 2023 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளர் போனதும் அங்கேயும் இடைக்காலப் பொறுப்பு. ஆக, மணிப்பூர்க்காரர் சொல்லிக்கொடுத்த களத்தில் நம்ம கண்டனூர்க்காரர் ஓடியிருக்கிறார். இந்த விஷயம் தெரிந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இந்தத் தாளில் எழுத இடம் போதாது.

இனி நம்ம கதைக்கு வருகிறேன். போன வருடம் நம் அணி ஆடிய மூன்று ஆட்டங்களையும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து நோட்டில் குறித்துவைத்தேன். கோலுக்கு அருகில் கிடைத்த ஃப்ரீ கிக் ஏழு. அடித்தவர்கள் ஐந்து பேர்! "டேய் நான்டா", "இல்லடா எனக்குத் தாடா" என்று பந்தைப் பிடுங்கி, யாருக்குக் கை பலமோ அவர் அடித்தார். நான்கு மேலே போனது, இரண்டு சுவரில் பட்டது, ஒன்று கீப்பர் கையில். மூன்றில் இரண்டு ஆட்டம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் போனது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

பெரிய பள்ளிகளில் புல் மைதானம் இருக்கிறது, பூட்ஸ் இருக்கிறது, சத்தான சாப்பாடு இருக்கிறது. அவர்களோடு ஓடி ஜெயிப்பது கஷ்டம் என்று ஒப்புக்கொள்வோம். ஆனால் ஃப்ரீ கிக் அடிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் யாரும் ஓடவில்லை, யாரும் இடிக்கவில்லை. பந்து நிற்கிறது. கோல் போஸ்ட் எல்லோருக்கும் அதே 7.32 மீட்டர்தான். அம்பேத்கர் ஸ்டேடியத்தில் சிரியாவுக்கு எதிராக இந்தியாவுக்குக் கிடைத்ததும் இந்த மாதிரி ஒரு நிமிடம்தான்.

எனவே பி.இ.டி. சாரிடம் என் வேண்டுகோள்: அணியில் இரண்டே இரண்டு பேரை, வலது கால் ஒன்று, இடது கால் ஒன்று, ஃப்ரீ கிக்குக்கு என்று பெயர் எழுதி வைத்துவிடுங்கள். வேறு யாரும் பந்தைத் தொடக்கூடாது. அந்த இரண்டு பேரும் தினம் முப்பது பந்து அடிக்கட்டும். கீப்பராக நிற்கும் என் வகுப்புத் தோழன் சம்மதம் சொல்லிவிட்டான், "தினமும் ஒரு டீ வாங்கித் தரணும்" என்ற நிபந்தனையோடு.

சுவருக்கு ஆள் தேவையில்லை. கண்மாய் வற்றியதும் உள்ளே நல்ல சமதரை கிடைக்கும். நான்கு சவுக்குக் கம்பை நட்டு, 2.20 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டி, பழைய சாக்கைத் தொங்கவிட்டால் சுவர் தயார். குதிக்கிற உயரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், 1.80-இல் கட்டிவிட்டு ஏமாறாதீர்கள். 9.15 மீட்டருக்கு ஒரு கயிறு அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் வாரம் வேகமே வேண்டாம், பந்து சுழல்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பந்தில் ஒரு பக்கம் சுண்ணாம்பால் கோடு போட்டால் சுழற்சி கண்ணுக்குத் தெரியும். காற்று கம்மியாக இருக்கும் பந்து வேண்டாம், தயவுசெய்து பம்ப்பைப் பூட்டி வைக்காதீர்கள் சார்.

சவுக்குக் கம்பும் சாக்கும் தர முடிந்தவர்கள் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் என்னை வந்து பார்க்கவும். கணக்கில் சந்தேகம் உள்ளவர்களும் வரலாம், நோட்டைக் காட்டுகிறேன்.